புது மீனுக்குப் பதினைந்து நாள்



குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கி அலங்கார மீன் வளர்ப்பைத் தொடங்கினேன். சென்னை கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தொழிலில் பிழைப்பதாகக் கேள்விப்பட்ட தைரியம்தான்.

மார்கழியில் புதிதாக வாங்கிய கப்பி, மோலிகளை வந்தவுடனே பழைய தொட்டியில் கொட்டிட்டேன். ஐந்தாம் நாள் மீனெல்லாம் தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்க்குது. துடுப்பிலே உப்பு தூவினாப்போல வெள்ளைப் புள்ளி. தண்ணிதான் கெட்டுப்போச்சுன்னு மொத்தத்தையும் கொட்டி, ஊற்றுத் தண்ணியை நிரப்பினேன். ஒரு வாரத்தில் 80 மீனில் 60 செத்தது. தவணையை மிளகு விற்றுத்தான் கட்டினேன்.

அது வெண்புள்ளி நோய் என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி புது மீனோடு வந்துவிடும். திடீர்க் குளிரில் மீன் சோர்ந்துபோனால் நோய் சட்டென முற்றும். நம்ம மலைக் குளிரில் நான் ஊற்றின பச்சைத் தண்ணி அதைத்தான் செய்தது.

புள்ளி தெரிந்தால் ஹீட்டர் போட்டுச் சூட்டை மெதுவாக 28 டிகிரிக்கு மேல் கொண்டுவாங்க. காற்றுக் குழாயை நிறுத்தாதீங்க. கப்பி, மோலிக்கு 10 லிட்டருக்கு 20 கிராம் கல் உப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். புள்ளி மறைந்ததும் விட்டுடாதீங்க. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, அடியில் நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும். நீந்தும்போதுதான் மருந்துக்கு அகப்படும். அதனால் இன்னும் பத்து நாள் தொடரணும்.

எல்லாமே நோய் கிடையாது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் காற்றுக் குறைவு, இல்லேன்னா கழிவு மிகுதி. கால் பங்கு தண்ணியை மாற்றுங்க, தீனியைக் குறைங்க. துடுப்பு கிழிந்து அரித்தால் அழுகல். அந்த மீனைப் பிரிச்சு வைங்க.

இப்போது என் வீட்டில் புது மீனுக்குத் தனித் தொட்டி, தனி வலை. பதினைந்து நாள் பார்த்த பிறகுதான் மற்றதோடு சேர்க்கிறேன். மாற்றும் தண்ணியை முதல் நாளே பிடித்து வீட்டுக்குள் வைக்கிறேன்.

இன்னொன்று, நோய்த் தொட்டித் தண்ணியை ஓடையில் ஊற்றாதீங்க. அறப்பளீஸ்வரர் கோயில் ஐயாற்று மீனை நாம் சாமியாகக் கும்பிடுறோம். வெட்டின மீனும் ஒட்டி உயிர்பெற்றது என்பது கோயில் கதை. நம்ம தொட்டியில் செத்தது பிழைக்காது. அதனால் முன்கூட்டியே காப்போம்.