ஏவற்சொல்லும் தாய்மொழியும்

(தொப்பம்பட்டியில் நிகழ்த்திய உரை)



படையிற் சேர விரும்பும் இளைஞர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். விடியுமுன் சோளக்காட்டு வண்டித்தடத்தில் நீங்கள் ஓடுவதை நாள்தோறும் காண்கின்றேன். ஒரு கல் தொலைவை, அஃதாவது 1.6 கிலோமீட்டரை, 5 நிமையம் 30 நொடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண். 9 அடிப் பள்ளத்தையும் தாண்டுதல் வேண்டும். இவற்றுக்கு உங்கள் கால்கள் அணியமாகிவிட்டன. செவிகள் அணியமாயினவா? அதுவே என் வினா.

என் பழைய மாணவன் ஒருவன், உழவர் மகன், வடபுலத்துப் பயிற்சி நடுவம் ஒன்றுக்குச் சென்றான். விடுமுறையில் வந்தவன் சொன்னான்: "ஐயா, வைகறையில் எழுவது எனக்குப் புதிதன்று, மாட்டுக்குத் தீனி வைத்துப் பழகியவன் நான். முகம் மழித்தல், படுக்கையைச் சுருக்கமின்றி மடித்தல், காலணியை மின்னத் துடைத்தல் எல்லாம் சில நாளிற் கைவந்தன. உடற்பயிற்சி, அணிநடை, துமுக்கிப் பயிற்சி, வகுப்பு, விளையாட்டு, இரவிற் பெயரழைப்பு, அனைத்தும் தாங்கினேன். தாங்கவியலாதது ஏவற்சொல்லே. முதல்நாள் 'சாவ்தான்' என்று கூவினார்கள். எனக்குச் 'சாவுதான்' என்று கேட்டது!" (அவையிற் சிரிப்பு)

சிரிக்கின்றீர்கள், அவன் சிரிக்கவில்லை. 'நேர்நில்' என்பதே அதன் பொருள். வலப்புறம் திரும்பச் சொன்னபோது அவன் இடப்புறம் திரும்பினான். ஒருவன் பிழைக்கு அணி முழுவதும் திடலைச் சுற்றி ஓடிற்று. ஓடியது அவனுக்கு வலிக்கவில்லை; தன்னாற் பிறர் ஓடியதே வலித்தது. இங்கே வகுப்பில் முதல்வனாயிருந்தவன் அங்கே மந்தன் எனப் பெயர்பெற்றான். அவன் அறியாதது செயலையன்று, சொல்லை!

ஏவல் என்பது எண்ணிப் பார்த்துச் செய்வதன்று. செவியிற் பட்ட நொடியே உடல் இயங்குதல் வேண்டும். தாய்மொழியில் அவ்வியக்கம் தானே வரும். பிறமொழியிலோ முதலில் பொருளைத் தேடவேண்டும். தேடும் அந்நொடியில்தான் நம் பிள்ளை பிந்துகின்றான்.

நம் நீலமலையில், குன்னூரையடுத்த வெல்லிங்டனில் மதராசுப் படைப்பிரிவின் பயிற்சி நடுவம் உள்ளது. 1758இல் தொடங்கும் வரலாறுடையது அப்படை. தென்னாட்டு இளைஞர் பயிலும் அங்கும் ஏவற்சொல் இந்தியே. ஆனால், பகைவன்மேற் பாயும்போது அப்படை முழங்குவது யாது? "வீர மதராசி! அடி, கொல்லு! அடி, கொல்லு!" 'கொல்' என்னும் வேர் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றற்கும் பொது. உயிர்கொடுக்கும் நொடியில் உதவும் நம் மொழி, வலம் திரும்பவும் இடம் திரும்பவும் உதவாதா?

இவ்வினா புதிதன்று. 1968 சனவரியில், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, மாணவர் படையில் இந்தி ஏவற்சொற்கள் வேண்டா என நம் சட்டப்பேரவை தீர்மானித்தது. 2025இல் படைச்சேர்ப்புக்கான எழுத்துத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்றாயிற்று. வாயில் தமிழில் திறந்துவிட்டது. உள்ளேதான் தமிழைக் காணோம்!

இளைஞர்களே, உங்களைத் தடுக்க இதனைச் சொல்லவில்லை. வீட்டுநிலை அறிவேன். 2022இல் வந்த திட்டப்படி நான்காண்டுப் பணி. அதன்பின் நால்வரில் ஒருவர்க்கு மேல் நிலைப்பணி இல்லை. அந்நான்காண்டில் பயிற்சிக்கெனச் செல்லும் 31 கிழமைகளைச் சொல்லறியாமையால் இழக்காதீர்கள். போகுமுன் ஏவற்சொற்களைத் தமிழ்ப்பொருளோடு கற்றுச் செல்லுங்கள். பணிமுடித்து வந்தோர் அவற்றைத் திண்ணையில் அமர்ந்து கற்பியுங்கள். அங்கே நாளொன்றுக்கு ஒருபக்கமேனும் தமிழில் எழுதுங்கள். பெற்றோரே, தமிழிலும் ஏவல் வேண்டுமென அரசை நாம் கேட்போம். அது நாட்டுக்குப் பகையன்று. நாட்டுக்காக உயிர்தர வருவோனுக்கு நாடு தரவேண்டிய மதிப்பு.

அம்மாணவன் இப்பொழுது விடுமுறைதோறும் நம் திடலில் சிறுவர்களைப் பயிற்றுகின்றான். முதலில் தமிழில் ஏவுகின்றான். பின்னர் அங்கே வழங்கும் சொல்லைச் சொல்கின்றான். "நேர்நில்! வலம் திரும்பு!" என்று அவன் குரல் எழுந்ததும் சிறுவர் அனைவரும் ஒருசேரத் திரும்புகின்றனர். ஒருவனும் இடப்புறம் திரும்பக் கண்டிலேன்.