குங்குமப்பூ போனது, சந்தை நின்றது



இங்கிலாந்துக்குப் போய்வந்தவர்களிடம் லண்டனைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளையும் ஆற்றில் படகு தள்ளுவதையும் பற்றியும் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு அவை இரண்டும் வேண்டாம். அவற்றுக்கு நடுவில், எசெக்ஸ் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ரயில்கூட எட்டிப் பார்க்காத ஒரு சந்தை ஊர் இருக்கிறது. பெயர் சாஃப்ரன் வால்டன். கேம்பிரிட்ஜிலிருந்து தெற்கே சுமார் பதினைந்து மைல். ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் பக்கத்தில்தான். ஆனால் அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லண்டனுக்கு விரைந்துவிடுகிறார்கள்.

ரயில் எட்டிப் பார்க்காது என்று சொன்னேன் அல்லவா? முன்பு ஒரு கிளைப் பாதை ஊருக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. 1964-இல் அதை மூடிவிட்டார்கள். இப்போது ஆட்லி எண்ட் நிலையத்தில் இறங்கி, இரண்டு மைல் பேருந்திலோ காலாறவோ வரவேண்டும். வழியில் ஆட்லி எண்ட் மாளிகை வரும். அதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெரிய புல்வெளி, பெரிய வாசல், நுழைவுச்சீட்டு, வரிசை. அதை விட்டுவிட்டு நேரே சந்தைத் திடலுக்குப் போகலாம்.

செவ்வாய், சனி இரண்டு நாளும் இங்கே சந்தை கூடும். ரொட்டிக்காரர், பாலாடைக்கட்டிக்காரர், மீன்காரர், பூச்செடி விற்பவர் எல்லோரும் கோடுபோட்ட துணிக்கூரைக்கு அடியில் கடை விரித்திருப்பார்கள். விலை கேட்டுவிட்டு, வானிலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, அதற்குப் பிறகுதான் பையைத் திறக்கிறார்கள். அவசரப்படுகிறவர் இருந்தால் அவர் வெளியூர் என்று அர்த்தம்.

இந்தச் சந்தையே ஒரு வகையில் அடுத்த ஊரிலிருந்து தூக்கிவந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஓர் உள்நாட்டுப் போர். மாமன் மகள் மட்டில்டாவும் அத்தை மகன் ஸ்டீபனும் கிரீடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். யார் கை ஓங்குகிறதோ அவர் பக்கம் சாய்ந்தவர் ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபு. அவருக்கு வால்டனில் கோட்டை. 1141-இல் மட்டில்டாவிடமிருந்து அவர் கேட்டு வாங்கிய சலுகைகளில் ஒன்று, பக்கத்தில் நியூபோர்ட்டில் நடந்த சந்தையைத் தம் கோட்டை வாசலுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை. சந்தை வந்தால் சுங்கம் வரும், தராசுக்கூலி வரும், கூட்டம் வரும். நியூபோர்ட் இன்றும் சில மைல் தள்ளி ஒரு கிராமமாகத்தான் இருக்கிறது. கோட்டையோ இடிந்து, பல் போன சுவராக மேட்டில் நிற்கிறது. ஜெஃப்ரியும் சில ஆண்டுகளில் அரசர் ஸ்டீபனுக்கு எதிராகக் கிளம்பிச் சண்டையில் போய்விட்டார். அவர் கொண்டுவந்த சந்தை மட்டும் கலையவில்லை.

திடலை ஒட்டிச் சில சந்துகள் இருக்கின்றன. ஒரு சந்துக்குக் கசாப்புக்காரர் வரிசை என்றே பெயர். இரண்டு பேர் குடையோடு எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அந்தக் காலத்தில் சந்தைத் திடல் இன்னும் பெரியது. இன்னின்ன வியாபாரிக்கு இன்ன வரிசை என்று கடை போட்டார்கள். கடைக்குக் கூரை வந்தது, கூரைக்குச் சுவர் வந்தது, சுவருக்கு மேல் மாடியும் வந்துவிட்டது. தற்காலிகம் என்று போட்ட கொட்டகை நிரந்தரமாவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை, நேயர்களே!

இந்தச் சந்துகளைத் தாண்டித் தேவாலயம், அப்புறம் பொதுத்திடல் என்று போவதாகத் திட்டம். ஆனால் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு அதன் கதையைச் சொல்லாமல் நகர்ந்தால் நீங்கள் விடமாட்டீர்கள். சாஃப்ரன் என்றால் நம் குங்குமப்பூதான். பாலில் இரண்டு இழை போட்டுக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறோமே, அதே பூ. காஷ்மீரத்துச் சரக்கு, இந்தக் குளிர்தேசத்தில் எப்படி?

ஒரு யாத்ரிகர் கீழைத் தேசத்திலிருந்து திரும்பும்போது, கைத்தடியைக் குடைந்து அதற்குள் ஒரு குங்குமப்பூக் கிழங்கை ஒளித்துக் கொண்டுவந்தாராம். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். பதினாறாம் நூற்றாண்டிலேயே இந்த ஊர்க்காரர்கள் சொன்ன கதை இது. ரிச்சர்ட் ஹாக்லூட் என்ற எழுத்தாளர் அதைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். உண்மையோ பொய்யோ, அதில் ஒரு விவரம் மட்டும் சரியாக இருக்கிறது. கதையில் அவர் கொண்டுவந்தது விதை அல்ல, கிழங்கு. குங்குமப்பூச் செடி விதை வைக்காது. கிழங்கிலிருந்து கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று, அவ்வளவுதான். காற்றும் பறவையும் அதைப் பரப்ப முடியாது. உலகத்தில் எங்கே குங்குமப்பூ வளர்ந்தாலும், யாரோ ஒரு மனிதர் கையால் சுமந்துபோய் நட்டதுதான்.

வால்டனைச் சுற்றிச் சுண்ணாம்பு மண். தண்ணீர் தேங்காது. கிழங்குக்கு அது பிடித்துப்போயிற்று. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஊரைச் சுற்றி ஊதா நிறத் தோட்டங்கள். அதுவரை சிப்பிங் வால்டன் என்றிருந்த பெயரே மாறிவிட்டது. விவசாயிகளுக்குக் குரோக்கர்கள் என்று பெயர். இலையுதிர்கால விடியலில், வெயில் ஏறுமுன் பூவைப் பறிக்கவேண்டும். அப்புறம் குடும்பமே உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு இழைகளைக் கிள்ளி எடுக்கும். காய்ந்த குங்குமப்பூ ஒரு கிராம் வேண்டுமானால் சுமார் 150 பூ வேண்டும். இழைகளைச் சின்னச் சூளையில், மயிர்த்துணி மேல் பரப்பி, கரி அனலில், பலகை வைத்து அழுத்திக் காயவைப்பார்கள். ஐந்து பவுண்டு ஈரச் சரக்கு காய்ந்து ஒரு பவுண்டு வில்லையாகும். துணிக்குச் சாயம், சமையலுக்கு மணம், வயிற்றுக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

மிச்சம் இருப்பது இதழ். மூன்று இழையை எடுத்துக்கொண்டு, மலை மலையாக ஊதா இதழை என்ன செய்வது? ஆற்றில் கொட்டினார்கள். கொட்டாதே, கொட்டினால் தொழுமரத்தில் பூட்டுவோம் என்று ஊர் உத்தரவு போட்டதாகச் சொல்கிறார்கள். சாயப்பட்டறைத் தகராறு நமக்குப் புதிதல்ல, அவர்களுக்கும் அப்படியே.

பக்கத்தில் ராட்வின்டர் என்ற கிராமம். அங்கே வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் இருந்தார். 1577-இல் வெளிவந்த ஒரு பெரிய நூலுக்காக இங்கிலாந்தின் வர்ணனையை எழுதியவர். குங்குமப்பூவை அவர் எழுதியிருக்கிற விதத்தைப் படித்தால், பூசையை முடித்துக்கொண்டு நேரே தோட்டத்துக்கு ஓடியிருப்பார் என்றே தோன்றும். கிழங்கை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கிளறி எடுத்து மாற்றி நடுவது முதல் கலப்படம் வரை ஒன்றையும் விடவில்லை. ஒரு சமயம் அமோக விளைச்சலாம். விலை விழுந்துவிட்டது. குரோக்கர்கள் சந்தோஷப்படவில்லை, கடவுளைப் பற்றியே ஒரு வசவு வைத்தார்கள். அது என்ன வசவு என்று ஹாரிசன் கூசாமல் எழுதியிருக்கிறார். வானொலியில் நான் சொல்ல முடியாது. மலம் கழிப்பது சம்பந்தப்பட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தண்டனையாகத்தான் அடுத்து விளைச்சல் குறைந்தது என்று பாதிரியார் தீர்ப்புச் சொல்லி முடிக்கிறார். விளைந்தாலும் அழுகை, விளையாவிட்டாலும் அழுகை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் அந்தக் குரோக்கர்கள் பக்கம்தான் பேசுவார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பயிர் தேய்ந்தது. ஆள்கூலி கட்டவில்லை, ஸ்பெயினிலிருந்து சரக்கு மலிவாக வந்தது, சமையல் ருசியும் மாறியது. ஆட்லி எண்ட் மாளிகைக்கு அரசர் முதலாம் ஜார்ஜ் வந்தபோது, வழக்கப்படி ஊர் சார்பில் குங்குமப்பூ காணிக்கை கொடுக்க வேண்டும். உள்ளூரில் கிடைக்காமல் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபர்ட் என்ற அடுத்த ஊரில் வாங்கிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். விவசாயிகள் பார்லிக்கு மாறினார்கள். பார்லியை முளைகட்டி பீருக்கு அனுப்பும் தொழில் ஊரைக் காப்பாற்றியது. இந்த நூற்றாண்டில் எசெக்ஸில் மறுபடியும் கொஞ்சம் குங்குமப்பூ பயிராகிறது. ஆனால் திடலை ஒட்டிய கடை ஒன்றில் கேட்டபோது எனக்கு எடுத்துக் காட்டிய சின்னக் குப்பியில் ஸ்பெயின் என்றுதான் போட்டிருந்தது. கூடவே ஒரு குங்குமப்பூ பன் கொடுத்தார்கள். மஞ்சளாக, உலர்திராட்சையோடு, சூடாக வெண்ணெய் தடவி. அதற்கு நான் குறை சொல்லமாட்டேன்.

நேரம் ஓடுகிறது. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார். மீதியை வேகமாகப் பார்த்துவிடுவோம்.

புனித மேரி தேவாலயத்தின் கூம்பு 193 அடி. உள்ளே கல் வளைவில் குங்குமப்பூ செதுக்கியிருக்கிறார்கள், அண்ணாந்து தேடுங்கள். வெளியே இடுகாட்டில் ஆர். ஏ. பட்லரின் சமாதி. 1929 முதல் 1965 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். பிறந்தது அன்றைய இந்தியாவில், அட்டோக்கில். இந்தியத் துறையின் துணை அமைச்சராக இருந்து, 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் வாதாடி நிறைவேற்றியவர்களில் ஒருவர். அந்தச் சட்டப்படி நடந்த தேர்தலில்தான் 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார்.

அருங்காட்சியகம் கோட்டைக்குப் பக்கத்தில், 1835-இல் திறந்தது. அங்கே ஒரு சிங்கம் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் வாலஸ். வோம்ப்வெல் என்பவரின் ஊர்சுற்றும் மிருகக்காட்சியில் இருந்தது. 1825-இல் வார்விக் நகரில் அதன் மேல் நாய்களை ஏவிவிட்டுக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. நாய்கள்தான் படாதபாடு பட்டன. முன்பு ஒரு யானையும் இருந்தது. 1851-இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி. முர்ஷிதாபாத் நவாப் விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய அம்பாரியை வைக்க ஒரு யானை வேண்டும். தேடினார்கள், இந்த ஊரில்தான் பாடம் செய்த யானை ஒன்று கிடைத்தது. அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆப்பிரிக்க யானை! வங்காளத்து அம்பாரியை அதன் முதுகில் கட்டி, இந்தியாவின் பெருமை என்று லட்சக்கணக்கானோருக்குக் காட்டினார்கள். நம்மூர்ப் பிள்ளை யாராவது போயிருந்தால் காதைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்திருக்கும்.

கடைசியாகப் பொதுத்திடல். அங்கே புல்லில் வெட்டிய சுருள்பாதை இருக்கிறது. இங்கிலாந்தில் மிஞ்சியிருப்பவற்றில் இதுதான் பெரியது. வேலி கிடையாது, முட்டுச்சந்து கிடையாது. சிக்குக்கோலம் மாதிரி ஒரே கோடு, சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகும். முழுக்க நடந்தால் ஏறக்குறைய ஒரு மைல். குறுக்கே தாண்டினால் பத்து வினாடி. குழந்தைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் பாதியில் தாண்டிவிடுகிறார்கள்.

இந்த ஊரில் பிறந்த ஹென்றி வின்ஸ்டன்லி, எடிஸ்டோன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டி, 1703-இல் பெரும்புயலில் அந்த விளக்கத்தோடே கடலுக்குள் போனார். அந்தக் கதைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜுக்குப் போகிற வழியில் ஆட்லி எண்டில் இறங்கிவிடுங்கள். கோட்டை இடிந்தது, குங்குமப்பூ போனது, ரயிலும் நின்றது. சந்தை மட்டும் கிட்டத்தட்ட தொள்ளாயிரம் வருஷமாகக் கூடுகிறது; ஓர் ஊரைக் காப்பாற்ற அது போதும் போலிருக்கிறது. ஆகவே செவ்வாய்க்கிழமையிலோ சனிக்கிழமையிலோ காலையிலேயே போங்கள், ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, அங்கே ஒன்றுமில்லையே என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.