புதிய ஆசிரியருக்கு யார் துணை?

(புதிதாக எழுதப் படிக்கக் கற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடம் திறக்கும் நாள். கிராமத்துச் சாலையில் பேருந்து வந்து நிற்கிறது. ஓர் இளம்பெண் இறங்குகிறார். கையில் ஒரு பெட்டி. பைக்குள் அரசு கொடுத்த வேலை உத்தரவு. வயது 23 இருக்கலாம். இதுதான் அவருக்கு முதல் வேலை. பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்கிறார். "இன்னும் 3 கிலோமீட்டர் நடக்கணும், டீச்சர்" என்று பதில் வருகிறது.

இந்தியாவில் இப்படிப்பட்ட ஊர்கள் பல உண்டு. இப்படி வந்து இறங்கும் ஆசிரியர்களும் பலர்.

மறுநாள் அவர் வகுப்புக்குப் போகிறார். பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஆனால் ஐந்து வகுப்புகள். 1, 2, 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் அவர் கற்றது என்ன? ஒரு வகுப்புக்கு ஒரு பாடம் நடத்துவது. இங்கே 3ஆம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் காட்டினால், 1ஆம் வகுப்புப் பிள்ளை எழுந்து வெளியே ஓடுகிறது. பிள்ளைகள் வீட்டில் பேசும் பேச்சு ஒன்று. புத்தகத்தில் உள்ள பேச்சு வேறு. சொன்னது புரியாமல் விழிக்கிறார்கள். வருகைப் பதிவேடு எழுத வேண்டும். மதிய உணவுக் கணக்கும் எழுத வேண்டும். மற்ற ஆசிரியர் அலுவலகக் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் இவர் தலையில்.

யாரிடம் கேட்பது? கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்பார்களோ என்று பயம். தங்க நல்ல வீடும் இல்லை. இரவில் தனியாக உட்கார்ந்து அழுகிறார். மூன்றாம் மாதம் இடமாறுதல் கேட்டு மனு எழுதுகிறார். "இந்த டீச்சரும் நிலைக்க மாட்டார்" என்று ஊரார் பேசிக்கொள்கிறார்கள்.

நஷ்டம் யாருக்கு? ஆசிரியருக்கு வேறு ஊர் கிடைக்கும். பிள்ளைகளுக்குப் போன ஆண்டு திரும்பக் கிடைக்காது. எழுத்துத் தெரியாமல் பேருந்துப் பலகையைப் பார்த்து நின்ற வேதனை உங்களுக்குத் தெரியும். வங்கியில் கைநாட்டு வைத்த வேதனையும் தெரியும். அந்த வேதனை உங்கள் பிள்ளைகளுக்கு வரலாமா?

இப்போது ராஜஸ்தானில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே எட்டாத ஊர்கள் பல. வெளியூரிலிருந்து நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் அந்த ஊர்களில் தங்கவில்லை. பள்ளி பெயருக்குத்தான் இருந்தது. 1975-ல் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்ற ஊரைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் புதிய முயற்சி ஒன்றைத் தொடங்கியது. அந்தந்த ஊரில் வாழ்பவர்களையே ஆசிரியராக்கியது. அந்த அனுபவத்தை வைத்து 1987-ல் ராஜஸ்தான் அரசு 'சிக்ஷாகர்மி' திட்டத்தைத் தொடங்கியது. சிக்ஷாகர்மி என்றால் கல்விப் பணியாளர். ஸ்வீடன் நாடு இதற்கு உதவியது.

ஆசிரியர் தங்காத பள்ளிக்கு உள்ளூர்க்காரர் இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண் என்றால் 8ஆம் வகுப்புப் படித்திருந்தால் போதும். பெண் என்றால் 5ஆம் வகுப்பே போதும். இவ்வளவு குறைந்த படிப்பு உள்ளவர்கள் எப்படிப் பாடம் நடத்தினார்கள்?

அவர்களைத் தனியே விடவில்லை. அதுதான் காரணம். முதலில் 37 நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதோடு முடியவில்லை. ஆண்டுதோறும் மறுபடியும் பயிற்சி நடந்தது. மாதந்தோறும் கூடிப் பேசினார்கள். வகுப்பில் வந்த சிக்கலை ஒருவர் சொல்வார். அதே சிக்கலைத் தீர்த்த இன்னொருவர் வழி சொல்வார். பகலில் ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு அவர்களுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடத்தினார்கள்.

இதில் குறையும் இருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது மதிப்பூதியம்தான். முழு ஆசிரியர் சம்பளம் இல்லை. ஆசிரியருக்குப் படிப்பு தேவையில்லை என்றும் இதற்குப் பொருள் கிடையாது. இன்று சட்டப்படி ஆசிரியருக்குத் தகுதி வேண்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். துணை இருந்தபோது 5ஆம் வகுப்புப் படித்த பெண்ணே ஒரு பள்ளியை நடத்தினார். முறையாகப் பயின்று வரும் ஆசிரியருக்கும் அதே துணை கிடைத்தால் எவ்வளவு செய்வார்!

இன்னொரு செய்தி. கர்நாடகத்தில் மைசூரு மாவட்டத்தில் ஹெக்கடதேவன கோட்டை என்ற வட்டம் உள்ளது. காடும் பழங்குடி மக்களின் ஊர்களும் நிறைந்த பகுதி. அங்கும் பல வகுப்புகள் ஒரே அறையில் இருக்கும் பிரச்சினை. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி இருக்கிறது. அங்குள்ள சிறிய கிராமப் பள்ளிகளில் ஏணிப்படி போலப் பாடங்களை அட்டைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை 5ஆம் அட்டையில் இருக்கும். பக்கத்துப் பிள்ளை 9ஆம் அட்டையில் இருக்கும். அவரவர் வேகத்தில் படிப்பார்கள். கோட்டை வட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து, தங்கள் ஊருக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே செய்தார்கள். 1995-ல் 'நலி கலி' பிறந்தது. மகிழ்ந்து கற்பது என்று பொருள். இதே ரிஷிவேலி முறையைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது.

இதில் தெரிவது என்ன? புதிய ஆசிரியரின் கேள்விக்கு நல்ல பதில் இன்னோர் ஆசிரியரிடம் இருக்கிறது. அவர்கள் சந்திக்க வழி வேண்டும்.

வழிகள் உண்டு. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் அமைக்கப்பட்டன. 1994-ல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. அதன்வழி வட்டார வள மையங்களும், சில பள்ளிகளுக்கு ஒன்றாகக் குறுவள மையங்களும் வந்தன. அங்கே நடக்கும் கூட்டம் புள்ளிவிவரம் வாங்குவதோடு முடியக் கூடாது. அனுபவம் உள்ள ஆசிரியர் புதியவரின் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். குறை எழுதிக்கொண்டு போவதற்காக வரக் கூடாது. கூட நின்று ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

ஊரார் என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். ஆகவே சட்டப்படி ஆசிரியர்கள் இருந்தாலும் சிறிய பள்ளியில் ஒருவரே பல வகுப்புகளைப் பார்க்க வேண்டிவரும். இது அவருடைய குற்றம் இல்லை என்பதை ஊர் புரிந்துகொள்ள வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் உதவி, தேர்தல் பணி ஆகியவை தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். நீங்களும் அதில் உட்காரலாம். குழுவில், "ஏன் பாடம் முடியவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "டீச்சர், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றும் கேளுங்கள்.

பாதுகாப்பான ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள். வீடு கொடுக்கும்போது சாதி கேட்காதீர்கள். பிள்ளைகளைத் தினமும் நேரத்துக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் பேச்சில் உள்ள சொற்களை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். கதை தெரிந்த பாட்டி வாரம் ஒரு நாள் வகுப்பில் வந்து கதை சொல்லலாம். குறை இருந்தால் பிள்ளைகள் முன்னால் சத்தம் போடாமல் தனியே சொல்லுங்கள். அதே சமயம், காரணமில்லாமல் பள்ளிக்கு வராத ஆசிரியரைக் கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. துணை நின்ற ஊர் கேட்கும்போது அந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த தொண்டரை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் அவருக்கும் கை நடுங்கியிருக்கும். அவரை நீங்கள் விரட்டவில்லை. விளக்கைத் தூண்டி வைத்தீர்கள். பாய் போட்டு உட்கார வைத்தீர்கள். மறுநாளும் வரச் சொன்னீர்கள். அதனால்தான் அவர் வந்தார். அதனால்தான் நீங்கள் படித்தீர்கள்.

பேருந்திலிருந்து இறங்கிய அந்தப் பெண்ணுக்கும் அதைச் செய்யுங்கள். அவர் பெட்டியை ஒருவர் வாங்கிக்கொள்ளுங்கள். 3 கிலோமீட்டரும் கூட நடந்து போங்கள்.