அனுப்பியவர் கணக்கு: ஆண்ட்ரூ ஃபுல்லரும் அயலக ஊழியத்தின் மறுபாதியும்

யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் நெடுங்காலம் சபையின் பொருளாளராக இருந்தவர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது பணத்தைப் பற்றி. அவர் இருந்திருந்தால் முன்வரிசையில் அமர்ந்து கேட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

இந்தப் பொருளில் எனக்கும் என் துறை நண்பர்கள் சிலருக்கும் நீண்ட நாளாக வழக்கு நடந்துவருவது அவையில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் கடந்து போன மிஷனெரிகளை இயக்கியது ஆட்சியின் பணமே என்பார் ஒரு சாரார். மதமாற்றமும் வணிகமும் ஒரே பெட்டியிலிருந்து செலவு செய்தன என்பது அவர்கள் கட்சி. சபைக்குள்ளிருந்து வரலாறு எழுதும் மற்றொரு சாரார் பணத்தைப் பற்றிப் பேசவே கூசுகிறார்கள். அழைப்பு, அர்ப்பணம், கப்பலேற்றம் என்று கதையைத் தொடங்கிவிடுவார்கள். கப்பல் கட்டணம் யார் கொடுத்தது என்று கேட்டால் கர்த்தர் கொடுத்தார் என்பார்கள். இரு சாராரும் விரோதிகள்போலத் தோன்றினாலும் ஓரிடத்தில் ஒத்துப்போகிறார்கள். ஊரில் தங்கி, வீடு வீடாக ஏறி, ஆதரவு திரட்டி அனுப்பிய மனிதரை இருவருமே வரலாற்றிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ஆதரவு திரட்டுவது ஊழியத்துக்கான முன்வேலை அன்று, அதுவே ஊழியத்தின் ஒரு பாதி என்பது என் கட்சி. எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் இதை நிறுவ எனக்கு நேரமில்லை. ஒரே ஒரு வழக்கை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.

வில்லியம் கேரியை அறியாதவர் இங்கே இல்லை. செருப்புத் தைத்தவர், வங்காளத்துக்குப் போனவர், செராம்பூரில் அச்சகம் நடத்தியவர். அவரை அனுப்பியவர்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்திருக்கிறீர்களா? 1792 அக்டோபர் 2ஆம் நாள் மாலை, நடு இங்கிலாந்தில் கெட்டரிங் என்னும் சிற்றூரில், பீபி வாலிஸ் என்பவரின் விதவை வீட்டுப் பின்னறையில் பதினான்கு பேர் கூடினார்கள். பெரும்பாலோர் சிறு பாப்திஸ்து சபைகளின் போதகர்கள். அன்று அங்கே ஒரு சங்கம் தோன்றியது, சந்தா வாக்குறுதிகள் எழுதப்பட்டன. ஜான் ரைலண்டும் ரெனால்ட் ஹாகும் ஆளுக்கு இரண்டு கினி. சட்க்ளிஃப், ஃபுல்லர், பியர்ஸ் முதலிய ஆறு பேர் ஆளுக்கு ஒரு கினி. மீதி ஐவர் அரை கினி. அந்த ஐவரில் ஒருவர் தம் பெயரைப் போடவில்லை. மொத்தம் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ்.

இந்தத் தொகையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டு விஷயங்களை மட்டும் விட்டுவிடுகிறார்கள். முதலாவது, அது அன்றே கைக்கு வந்த காசு அன்று, தருகிறோம் என்ற வாக்கு. வாக்கைக் காசாக்க ஒருவர் பின்னால் நடந்தாக வேண்டும். இரண்டாவது, அந்தப் பட்டியலில் கேரியின் பெயர் இல்லை. கொடுக்க அவரிடம் பணம் இல்லை. தாம் எழுதிய சிறுநூல் விற்றுவரும் ஆதாயத்தைத் தருவதாகச் சொன்னார். போகிறவர், கொடுக்கிறவர் என்ற பிரிவு அந்த அறையிலேயே பிறந்துவிட்டது.

அந்தச் சிறுநூலையும் நாம் சரியாகப் படிப்பதில்லை. புறஜாதியாரிடம் செல்லக் கிறிஸ்தவர்கள் கடமைப்பட்டவர்களா என்று ஆராயும் 1792ஆம் ஆண்டு நூல் அது. அதன் இறையியலைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் உண்டு. நான் மாணவர்களைப் படிக்கச் சொல்வது அதன் கடைசிப் பகுதியை. கேரி அங்கே ஒரு வரவு செலவுத் திட்டமே தருகிறார். ஒவ்வொருவரும் அவரவர் நிலைமைக்கேற்ப வாரத்துக்கு ஒரு பென்னியோ அதற்கு மேலோ ஒதுக்கவேண்டும் என்கிறார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை அந்தக் காலத்தில் பல குடும்பங்கள் விலக்கிவந்தன. அப்படி விலக்கியதால் வாரம் ஆறு பென்ஸிலிருந்து ஒரு ஷில்லிங் வரை மிச்சமாகிறதே, அதைக் கொடுங்களேன் என்று கேட்கிறார். அடிமைமுறைக்கு எதிரான மனச்சாட்சியில் மிஞ்சிய காசு, அயல்நாட்டு ஊழியத்துக்கு. மிஷன் பணம் அனைத்தும் பேரரசின் பணம் என்னும் நண்பர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆயத்தத்தைப் பற்றியும் அந்நூல் விரிவாகப் பேசுகிறது. குறைந்தது இருவராவது சேர்ந்து போகவேண்டும், திருமணமானவர்களாக இருந்தால் நல்லது, உணவைக் கவனித்துக்கொள்ள உடன் சிலர் போகலாம் என்கிறார். துணிமணி, கத்தி, மீன்பிடிக் கருவி, உழவுக் கருவி, ஒன்றிரண்டு பசு, ஒரு காளை எல்லாம் பட்டியலில் உண்டு. ஒருமுறை அனுப்பிவிட்டால் பிறகு நிலத்தை உழுது தாங்களே பிழைத்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் வெடித்த சண்டைக்கு இதுவே விதை.

இனி என் நாயகனுக்கு வருகிறேன். ஆண்ட்ரூ ஃபுல்லர். 1754இல் பிறந்தவர், கெட்டரிங் சபையின் போதகர். தகுதி பார்க்காமல் எல்லாருக்கும் நற்செய்தி சொல்லலாமா கூடாதா என்று பாப்திஸ்துகள் மோதிக்கொண்டிருந்தபோது, சொல்லத்தான் வேண்டும் என்று 1785இல் நூல் எழுதி அந்த மோதலின் போக்கையே திருப்பியவர். அவர் ஒருமுறை கேரியின் பட்டறைக்குப் போனபோது சுவரில் காகிதங்களை ஒட்டிச் செய்த பெரிய உலகப்படம் தொங்கியதையும், ஒவ்வொரு நாட்டின்மீதும் மக்கள்தொகையும் சமயமும் குறிக்கப்பட்டிருந்ததையும் கண்டு எழுதிவைத்தார். கேரியின் ஆயத்தத்துக்கு நமக்குக் கிடைக்கும் சிறந்த சாட்சி இதுவே. கெட்டரிங் கூட்டம் நடந்தபோது ஃபுல்லரின் மனைவி சாரா இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அந்தத் துக்கத்தோடு சங்கத்தின் செயலர் பொறுப்பை ஏற்றார். 1815 மே 7இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

கேரி போனது ஓர் ஆழமான சுரங்கத்தில் இறங்குவதுபோல என்றும், மேலே இருப்பவர்கள் கயிற்றை விடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்ததாகவும் ஃபுல்லர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிரசங்கிகளுக்கு மிகவும் பிடித்த உவமை. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. கயிறு பிடிப்பவர் ஓரிடத்தில் நின்றுகொண்டிருப்பார். ஃபுல்லர் ஒருநாளும் நிற்கவில்லை. லண்டனில் வீடு வீடாக ஏறினார். அங்கே இருந்த பெரிய பாப்திஸ்து சபைகளின் போதகர்கள் பலர், கிராமத்துப் போதகர்கள் தொடங்கிய சங்கத்தைக் கண்டு விலகி நின்றார்கள். பலரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு சந்துகளில் ஒதுங்கி அவர் அழுததாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். 1799 முதல் 1813 வரை ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஐந்து பயணம். பாப்திஸ்துகள் அல்லாத சபையாரும் அங்கே அவருக்குக் கொடுத்தார்கள். அது சாதாரணச் செய்தி அன்று. ஞானஸ்நானத்தைப் பற்றிக் கடுமையாக மாறுபட்டவர்கள் வங்காளத்துக்காக ஒரே தட்டில் காசு போட்டார்கள். சபை ஒற்றுமை என்று நாம் இன்று மாநாடு கூட்டிப் பேசுவதன் ஒரு வேர் அந்தக் காணிக்கைத் தட்டில் இருக்கிறது என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். மறுத்தவர்கள் இன்றுவரை சான்று தரவில்லை.

புறப்பாட்டையும் பாருங்கள். கேரியும், முன்பே வங்காளத்தில் இருந்த மருத்துவர் ஜான் தாமஸும் ஏறிய கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமம் அவர்களிடம் இல்லை, தாமஸுக்கோ கடன்காரர்கள் வேறு. முதலில் வரமறுத்திருந்த கேரியின் மனைவி டாரதி, கைக்குழந்தையோடு, தங்கை கிட்டியும் உடன்வருவதாக இருந்தால் வருகிறேன் என்றார். சேர்த்திருந்த பணத்தில் கேரியின் குடும்பம் முழுவதும் போகவேண்டியதாயிற்று. கட்டணத்தைக் குறைக்கத் தாமஸும் கிட்டியும் பணியாளர் நிலையில் பயணம் செய்ய ஒப்புக்கொண்டார்கள். குறைந்ததை ஈடுகட்ட அவசரமாகக் கடிதங்கள் பறந்தன. 1793 ஜூன் 13இல் டேனிஷ் கப்பல் ஒன்றில் புறப்பட்டு நவம்பரில் கல்கத்தா சேர்ந்தார்கள். கம்பெனியின் பணத்தில் போனவர்களாம்! கம்பெனியின் கண்ணில் படாமல் போனவர்கள்.

போன சில மாதங்களிலேயே கையிருப்பு தீர்ந்துவிட்டது. 1794இல் ஜார்ஜ் உட்னி என்பவர் மட்னாபதியில் தம் அவுரித் தொழிற்சாலையைக் கவனிக்கும் வேலை கொடுத்தார். கேரி உடனே சங்கத்துக்கு எழுதினார்: இனி எனக்குப் பணம் வேண்டாம், அதை வேறு ஓர் ஊழியத்துக்குச் செலவிடுங்கள், எனக்கு விதைகளும் உழவுக் கருவிகளும் அனுப்பினால் போதும், அவற்றுக்கும் நானே விலை கொடுத்துவிடுகிறேன். தம் நூலில் எழுதியபடியே நடந்தார். ஊரில் இருந்தவர்களோ கலங்கிப்போய், உலக வியாபாரத்தில் மூழ்கிவிடாதே என்று எச்சரித்து எழுதினார்கள். கேரிக்கு அது ஆறாத வருத்தம். பணம் வேண்டாம் என்று சொன்னவுடன் பிணைப்பு தளர்கிறது. கொடுப்பவர்களுக்குக் கொடுப்பது ஒரு சுமையாக மட்டும் இருக்கவில்லை, அதுவே அவர்களுக்கும் ஊழியத்தில் பங்கு தந்தது.

ஃபுல்லர் இதைப் புரிந்துகொண்டார். 1794 முதல் மிஷனெரிகளின் கடிதங்களைத் தொகுத்து அச்சிட்டு ஆதரவாளர்களுக்கு அனுப்பும் வெளியீட்டைத் தொடங்கினார்கள். பென்னி கொடுத்தவரும் மட்னாபதியில் என்ன நடந்தது என்று படித்தார். அடுத்துப் போகிறவர்களை ஆயத்தப்படுத்தும் பொறுப்பையும் நண்பர் சட்க்ளிஃபோடு பகிர்ந்துகொண்டார். அச்சுத்தொழில் தெரிந்த வார்டு, பள்ளி ஆசிரியர் மார்ஷ்மன் போன்றோர் 1799இல் செராம்பூர் வந்தது தற்செயல் அன்று. என்ன கைத்தொழில் தெரிந்தவர் தேவை என்று கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் மண்ணுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். தலைப்பாகையும் திருநீறும் மீசையும் காரணம் என்பது நாம் அறிந்தது. லண்டனில் சிலர் பழியை மிஷனெரிகள் தலையில் போட்டு, எல்லாரையும் திருப்பி அழையுங்கள் என்று துண்டறிக்கை வெளியிட்டார்கள். அதற்கு மறுமொழியாகக் கெட்டரிங்கில் உட்கார்ந்து 1808இல் நூல் எழுதியவர் ஃபுல்லர். வேலூரில் சிந்திய இரத்தம் நார்தாம்ப்டன்ஷயர் போதகர் ஒருவரை எழுதுகோல் எடுக்கவைத்தது. 1813இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது மிஷனெரிகளை அனுமதிக்கக் கோரி 800க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் நாடாளுமன்றம் சென்றன. காணிக்கைக்காக இருபது ஆண்டு நடந்த கால்கள் பழக்கிவைத்த ஊர்களிலிருந்தும் அவற்றில் பல வந்தன.

1812 மார்ச் 11இல் செராம்பூர் அச்சகம் எரிந்தது. பல மொழி எழுத்துருக்கள் போயின, அவற்றில் தமிழும் ஒன்று. செய்தி இங்கிலாந்து சேர்ந்த சில வாரங்களில் ஏறத்தாழ 10,000 பவுன் சேர்ந்து, போதும், நிறுத்துங்கள் என்று ஃபுல்லர் சொல்லவேண்டியதாயிற்று. தொடங்கும்போது 13 பவுன்.

என் நண்பர்களின் வலுவான சான்றையும் நான் மறைக்கவில்லை. 1801 முதல் கேரி வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கற்பித்தார். மாதச் சம்பளம் 500 ரூபாயில் தொடங்கிப் பிறகு இரட்டித்தது. அது கம்பெனியின் பணம்தான். கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் தங்கள் வருமானம் முழுவதையும் பொதுவில் போட்டுச் செராம்பூரைக் கட்டினார்கள். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஃபுல்லர் இருந்தவரை, நாங்கள் உங்களுக்குச் சட்டம் போடுபவர்கள் அல்ல, உடன் உழைப்பவர்கள் என்ற நிலையில் சங்கம் நின்றது. அவர் இறந்தபின் அலுவலகம் லண்டனுக்குப் போயிற்று. செராம்பூர்ச் சொத்து யாருடையது என்ற கேள்வி எழுந்தது. எங்கள் உழைப்பில் வந்தது என்றனர் மூவர். எங்கள் பெயரில் நடப்பது என்றது குழு. 1827இல் இரு தரப்பும் பிரிந்தன. கேரி 1834இல் இறந்தபோதும் பிளவு ஆறவில்லை. 1837இல்தான் மீண்டும் இணைந்தார்கள். ஆட்சியின் பணம் மிஷனை இயக்கியது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது வந்து சேர்ந்த இடத்தில் மிஷன் இரண்டாகப் பிளந்தது என்று நான் சொல்கிறேன். இணைத்துவைத்தது பென்னிகள்.

நேரம் ஆகிவிட்டது. மற்றவற்றைக் குறிப்பாக மட்டும் சொல்கிறேன். யாரிடமும் கேட்பதில்லை என்ற கொள்கையோடு 1865இல் ஹட்சன் டெய்லர் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கினார். அதை எடுத்துக்காட்டி என்னை மறுப்பவர்கள், அவர் ஊர் ஊராகப் பேசினார், இதழ் நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கேட்கும் முறை மாறியது, தாங்குவோருடன் உறவு மாறவில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம், இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று தொடங்கித் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பியது. தமிழ் தெரியாத தெலுங்கு நாடு அவர்களுக்கு அயல்நாடுதான். 1905 கிறிஸ்துமஸ் நாளில் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்தது செராம்பூரில், கேரியின் பெயர் தாங்கிய நூலகத்தில். மிசோரம் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒதுக்கிய பிடி அரிசியும், திருநெல்வேலிச் சபைகளின் பிடி அரிசியும் ஒப்பிட்டு ஆராயப்படவேண்டும். அந்த வரலாறு பெண்களின் வரலாறு. கெட்டரிங்கில்கூட வீடு கொடுத்தவர் ஒரு விதவை, சந்தாப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சந்தா கொடுத்தோர் பட்டியல்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். மிஷனெரி விடுப்பில் வந்து சபை சபையாகப் பேசிய கூட்டங்களின் குறிப்புகள் தேடப்படவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ரீஜண்ட்ஸ் பார்க் கல்லூரியின் ஆங்கஸ் நூலகத்தில் பாப்திஸ்து சங்க ஆவணங்கள் இருக்கின்றன. நம் மாணவர் ஒருவராவது அங்கே போய்ப் படிக்கட்டும்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் சேகரக் குருமார்க்கும் சபை மூப்பர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஆலய அலமாரிகளில் பழைய பிடி அரிசிக் கணக்கு, மிஷனெரிச் சந்தா நோட்டு, அச்சடித்த ரசீதுக் கட்டு ஏதாவது கிடந்தால் வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்கோ, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கட்டிக் கொடுங்கள்.