பாதியில் தூங்கிப்போன ஈஸ்ட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், வேதியியல் துறை அறையில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவில் போய் என்னப்பா கிழிச்சே, அதைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசு" என்று செயலாளர் கேட்டார். வேலையைப் பற்றிப் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் என் வீட்டு நிலவறையில் நான் செய்யும் காரியத்தைப் பற்றிப் பேசுகிறேன். லாகர் பியர் காய்ச்சுவது. சிரிக்காதீங்க. நான் இருக்கும் மில்வாக்கி ஜெர்மானியர்கள் குடியேறி லாகரால் பேர் வாங்கிய ஊர். அங்கே வீட்டில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சுவது 1979 முதல் மத்திய சட்டப்படி குற்றமில்லை. இங்கே தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஹாஸ்டல் தம்பிகள் இதை முதலில் குறித்துக்கொள்ளவும்!

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாறாக வடித்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். லாகர் ஈஸ்ட்டுக்குக் குளிர் பிடிக்கும். 10 முதல் 12 டிகிரியில் நிதானமாக வேலை பார்க்கும். ஆனால் ஆள்பலம் நிறைய வேண்டும். சாதாரண ஏல் பியரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஈஸ்ட். என்னுடைய 19 லிட்டர் ஜாடிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 35,000 கோடி செல்கள் வருகிறது. கடையில் வாங்கும் ஒரு திரவ ஈஸ்ட் பாக்கெட்டில் 10,000 கோடிதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் மூணு நாலு பாக்கெட் வாங்கினால் கட்டுப்படியாகுமா? அதனால் போன தடவை ஜாடியின் அடியில் படிந்த ஈஸ்ட்டையே எடுத்து வைத்துக்கொள்வோம். நம்ம வீட்டில் தயிருக்கு உறை எடுத்து வைக்கிற மாதிரிதான்.

பெரிய ஆலைகளே அப்படித்தான். 1845-இல் டென்மார்க்கின் ஜேக்கப்சன் மியூனிக் நகரிலிருந்து லாகர் ஈஸ்ட்டைக் கோச்சு வண்டியிலேயே கோபன்ஹேகன் வரை கொண்டுபோனார். வழியில் வண்டி நின்ற இடங்களிலெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தார் என்று சொல்வார்கள். அவர் தொடங்கிய கார்ல்ஸ்பர்க் ஆலையில்தான் 1883-இல் எமில் ஹான்சன் தூய ஈஸ்ட் இனத்தைத் தனியே பிரித்து வளர்த்தார்.

எடுத்துவைப்பதும் எளிதுதான். பியரை வேறு பாத்திரத்துக்கு மாற்றியதும், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அடிவண்டலில் ஊற்றிக் கலக்கி, பத்து இருபது நிமிஷம் விட வேண்டும். கனமான கசடு கீழே போகும். மேலே பால் மாதிரி நிற்பதைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்காமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தேதி எழுதி ஒட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. அதற்கு மேல் போனால் செத்த செல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

நான் தேதி எழுதவில்லை. அங்கேதான் வினை ஆரம்பம்.

இரண்டு மாதம் கிடந்த ஈஸ்ட்டை அப்படியே ஊற்றினேன். குமிழி வரவே மூன்று நாள். இரண்டு வாரம் கழித்து ஏர்லாக்கில் சத்தம் நின்றுவிட்டது. தொடக்கத்தில் ஒப்படர்த்தி 1.050. இறங்கி 1.012-க்கு வர வேண்டியது 1.024-இல் நின்றது. அந்த வாரம் கடுங்குளிர், நிலவறையே 6 டிகிரிக்குப் போயிருந்தது. ஹைட்ரோமீட்டரில் எண் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. இந்தக் கட்டடத்திலேதானே மெனிஸ்கஸின் அடிமட்டத்தைப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டோம்! இருந்தும், ஊரிலிருந்து விருந்தாளி வருகிறார்கள் என்ற அவசரத்தில், "முடிஞ்சிருக்கும்" என்று சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்துவிட்டேன். கேஸ் ஏறட்டும் என்று சமையலறைப் பக்கத்து அலமாரியில் அடுக்கினேன். அங்கே 21 டிகிரி.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பியரில் வழக்கமாகச் சுமார் இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். ஒப்படர்த்தி 0.001 குறைந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் வாயு பிறக்கும். எனக்கு மிச்சமிருந்தது 0.012. அதாவது லிட்டருக்கு 6 லிட்டர் கூடுதல். ஈஸ்ட் சாகவில்லை, குளிரில் தூங்கிக்கொண்டிருந்தது. சூடு கண்டதும் எழுந்துவிட்டது.

பத்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அலமாரிக் கதவில் கண்ணாடிச் சில்லு குத்தி நிற்கிறது. கீழே மகளின் ஸ்கூல் பை, அதிலும் சில்லு. காலை ஏழரை மணிக்கு அவள் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுவாள். மிச்சப் பாட்டில்களைக் கண்ணாடி, கனமான கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, துண்டில் சுற்றி, வெளியே பனியில் சில மணி நேரம் குளிரவைத்து ஒவ்வொன்றாக மூடி திறந்து கொட்டினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. "மாவு பொங்கறதுக்கு முன்னாடி யாராவது பாத்திரத்தை மூடிப் பூட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறமும் ஒரு தடவை 1.022-இல் நின்றது. இந்த முறை ஆய்வுக்கூடப் பையனாக நடந்துகொண்டேன். முதலில் அளவே சரியா என்று பார்த்தேன். ஹைட்ரோமீட்டரில் எழுதியிருக்கும் வெப்பநிலைக்குத் திருத்தம் போட வேண்டும், கேஸ் குமிழிகளையும் ஆற்றி விரட்ட வேண்டும். பிறகு 200 மில்லி தனியே எடுத்து, தாராளமாகப் புது ஈஸ்ட் போட்டு, கதகதப்பான இடத்தில் இரண்டு நாள் வைத்தேன். 1.011-க்கு இறங்கியது. ஆக, புளிக்கக்கூடிய சர்க்கரை இருக்கிறது, கோளாறு ஈஸ்ட்டில்தான். அங்கேயும் இறங்காவிட்டால், பார்லியை அதிக சூட்டில் ஊறவைத்ததால் புளிக்காத டெக்ஸ்ட்ரின் மிகுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஈஸ்ட்டைத் திட்டிப் பிரயோசனமில்லை.

ஜாடியை மெதுவாக 17 டிகிரிக்குக் கொண்டுவந்து, காற்றுப் புகாமல் லேசாகச் சுழற்றினேன். தொடக்கத்தில் ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் அவசியம். இந்தக் கட்டத்தில் காற்றுப் புகுந்தால் பியர் கெட்டுவிடும். 1.020 வரை வந்து மறுபடி நின்றது. உலர்ந்த ஈஸ்ட்டை மேலே தூவினால் ஆல்கஹாலின் நடுவே அது தலை தூக்காது. அதனால் 2 லிட்டர் புதுச் சாற்றில் புது ஈஸ்ட்டை வளர்த்து, நுரை உச்சத்துக்கு வந்த நேரத்தில் அப்படியே சேர்த்தேன். ஜெர்மானிய ஆலைகளின் பழைய வழி இது. ஒன்பது நாளில் 1.012. அதோடு வெண்ணெய் வாசம் அடிக்கும் டைஅசிட்டைலையும் ஈஸ்ட் தானே உள்ளிழுத்துக்கொண்டது. மூன்று நாள் தொடர்ந்து அதே எண் வந்த பிறகுதான் பாட்டிலைக் கையில் எடுத்தேன்.

அந்த அடிவண்டலை நான் எடுத்து வைக்கவில்லை. ஒருமுறை தடுமாறிய ஈஸ்ட்டை உறைக்கு வைப்பதில்லை. நல்லபடி வேலை செய்ததையும் ஐந்து தலைமுறைக்கு மேல் நான் கொண்டுபோவதில்லை. சிலர் பத்து தாண்டுகிறார்கள், அவர்கள் தைரியம் எனக்கில்லை.

இப்போது ஃபிரிட்ஜில் இருக்கும் பாட்டில்களில் தேதி எழுதி ஒட்டுவது என் மகள். கணக்கில் சந்தேகம் இருப்பவர்கள் டீ இடைவேளையில் என்னைப் பிடிக்கலாம். செய்முறையைக் கேட்டு வராதீர்கள், முதல்வர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.