அடுக்குமுறையும் தமிழாகுக!

(சுங்குவார்சத்திரத்தில் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடைப்பட்ட இவ்வூரைச் சூழ ஆலைகள் பெருகியுள்ளன. ஆலை எதுவாயினும் அங்கே கணிப்பொறிப் பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. பெயருக்கு ஒரு நெடுவரிசை, பணிநாளுக்கு ஒன்று, ஊதியத்திற்கு ஒன்று. பெயர் நெடுவரிசையைச் சுட்டி 'அடுக்குக' என ஏவினால், கிடைவரிசைகள் அனைத்தும் நொடியில் இடம் மாறி நிற்கும். நன்று! எந்த எழுத்தொழுங்கில் நிற்கும்? அதுவே நம் வினா.

அரசன், அவ்வை, அழகன், அறவாழி, அன்பு என ஐந்து பெயர்களைக் கொள்வோம். இவ்வாறு நிற்பதே நெடுங்கணக்கு முறை. இரண்டாம் எழுத்துகள் ர, வ, ழ, ற, ன என்று செல்கின்றன. எழுத்தின் குறியெண்ணை மட்டும் பார்க்கும் கருவியோ அன்பு, அரசன், அறவாழி, அழகன், அவ்வை என நிறுத்தும். இறுதியில் நிற்க வேண்டிய அன்பு முதலில் வந்துவிடும்!

கரணியம் என்ன? 1991இல் வெளிவந்த ஒருங்குறி, 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியீட்டு முறையைப் பின்பற்றிற்று. அது நாகரி எழுத்தொழுங்கை அடிப்படையாகக் கொண்டு, னகரத்தை நகரத்தின் அருகிலும், றகரத்தை ரகரத்தின் அருகிலும், ளகர ழகரங்களை லகரத்தின் அருகிலும் வைத்தது. தமிழெழுத்து அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் எனத் தொல்காப்பியம் முதல் நூற்பாவிலேயே வரையறுத்திருக்க, அந்த னகரம் பகரத்திற்கும் முன்னே ஏறிவிட்டது. வேற்றார் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்துமோ?

தீர்வு உண்டு, தோழர்களே! குறியெண் வேறு, அடுக்குநெறி வேறு. ஒருங்குறியார் வகுத்த அடுக்குநெறியில் வ, ழ, ள, ற, ன என்னும் நம் ஒழுங்கு இடம்பெற்றுள்ளது. 2010இல் தமிழ்நாட்டரசு ஏற்ற அனைத்தெழுத்துக் குறியீட்டிலோ குறியெண்களே நெடுங்கணக்கின்படி அமைந்துள்ளன. மென்பொருள் செய்வார் இவற்றுள் ஒன்றைக் கைக்கொண்டால் போதும். கேட்பார் இருந்தால் அவர் செய்வார்.

கேட்பதற்கு, முதலில் பட்டியல் தமிழில் இருத்தல் வேண்டும். ஆங்கில எழுத்தில் பெயரைப் பொறித்தால் ரகரமும் றகரமும் ஒன்றாய்க் கரைந்துவிடும். ஒழுங்கு கெட்டதுகூடத் தெரியாது. ஆகவே உங்கள் மன்றத்தின் உறுப்பினர் பட்டியலை இன்றே தமிழில் எழுதுங்கள். அடுக்கியபின் அரசனையும் அன்பையும் பாருங்கள். அரசனுக்கு முன் அன்பு நின்றால், பிழை கருவியினுடையது. திருத்தித் தருமாறு எழுதிக் கேளுங்கள்.

தமிழில் எழுதுக! தமிழ்முறையில் அடுக்குக! வெல்க தமிழ்!