பேச்சை நிறுத்தின பிள்ளை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பணியாளர் பேசியது)



இன்னைக்கு வசூல், வாராக்கடன் பத்தி பேச வரல. கொரோனா காலம் நம்ம வளரிளம் பிள்ளைங்க மனசை என்ன செஞ்சதுன்னு பேசணும். "அதான் முடிஞ்சு போச்சே"ன்னு நினைப்பீங்க. 2020-ல் ஏழாவது படிச்ச பிள்ளை 2025-லதான் பன்னிரண்டாவது முடிச்சுது. வயசுக்கு வர்ற காலத்துல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த பிள்ளைங்க அவங்க.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினாங்க. ஒன்பதாம் வகுப்புக்கு 2021 பிப்ரவரி 8-ம் தேதிதான் திறந்தாங்க. மார்ச்சுல மறுபடி மூடி, செப்டம்பர் 1-ம் தேதி திறந்தாங்க. பாடம் போனதை எல்லாரும் பேசுறோம். அம்மாகிட்ட சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு சிநேகிதி இருந்தாளே, அவளும் போனாளே, அதை யாரும் கணக்குல எடுக்கல.

ஒரு குழுவுல நடந்ததைச் சொல்றேன். 2021 ஜனவரி கூட்டத்துல ஒரு அக்கா கடன் கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டா, மகள் கல்யாணத்துக்காம். பிள்ளைக்கு வயசு பதினாலு! "பகலெல்லாம் தூங்குது, கேட்டா பதில் இல்ல, சோறு வேண்டாங்குது. அடிச்சும் பார்த்தேன், மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. கட்டிக் கொடுத்தா சரியாயிடும்"னு அழுதாங்க. அப்பாவுக்கு லோடு வேலை போயி வீட்டுல தினமும் சண்டை. இருக்கிற ஒரு செல்போனும் அண்ணன் கையில.

உண்மையைச் சொல்றேன், மூணு மாசமா அந்த வீட்டுக்கு நான் போய்க்கிட்டுதான் இருந்தேன். நிலுவைத் தவணை கேட்கத்தான் போனேன். சுவர் ஓரமா சுருண்டு படுத்திருந்த பிள்ளையைப் பார்த்தேன், ஒரு வார்த்தை கேட்கல. சமூகப்பணி படிச்சவ நான்!

குழு கடன் தர மறுத்திருச்சு. அதோட விடல. பக்கத்து வீட்டு உறுப்பினர் தினமும் சாயங்காலம் பூ கட்ட அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாங்க. முதல் வாரம் வாயே திறக்கல. அப்புறம்தான், "நான் வீட்டுக்குப் பாரம்னு அப்பா சொன்னாரு, செத்துப் போயிடலாம்னு தோணுது"ன்னு சொல்லியிருக்கு. மறுநாளே அம்மாவும் நானும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் அம்மாவைத் தனியா, பிள்ளையைத் தனியா உட்கார வச்சுப் பேசினாங்க. மருந்தைவிட அந்தப் பேச்சுதான் அதிகம்.

தூக்கம், சாப்பாடு, பேச்சு ரெண்டு வாரத்துக்கு மேல மாறியிருந்தா அதைத் திமிருன்னு எடுத்துக்காதீங்க. சாவுன்னு ஒரு சொல் வந்தா ரெண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். "சாகணும்னு தோணுதா?"ன்னு நேரா கேளுங்க, கேட்கிறதால அந்த நினைப்பு வந்திடாது. பிள்ளையைத் தனியா விடாதீங்க. பூச்சிமருந்து டப்பாவை வீட்டுல இருந்து எடுத்திருங்க. 14416-க்குப் போன் பண்ணுங்க. காசு கிடையாது, ராத்திரியிலும் தமிழ்ல பேசலாம். 2022-ல் ஆரம்பிச்சது. பிள்ளைக் கல்யாணம்னா 1098.

யுனிசெப் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில, மனக்கஷ்டத்துக்கு அடுத்தவங்க உதவி கேட்கிறது நல்லதுன்னு சொன்ன இந்திய இளையோர் நூத்துக்கு 41 பேர்தான். மத்தவங்க வாயைத் திறக்கவே யோசிக்கிறாங்க.

அந்தப் பிள்ளை செப்டம்பர்ல பத்தாவதுக்குப் போச்சு. கணக்குல தடுமாறினா, இன்னும் சில நாள் பேசாம இருப்பா. அப்ப அந்த அக்கா பூக்கூடையை எடுத்துக்கிட்டு அவ வீட்டுத் திண்ணைக்கே போயிடுவாங்க.